அலைவரி மேப்பிள் இழைக்கும்போது கிழிவது ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 பிப்ரவரி 4

ஒரே அடுக்கிலிருந்து இரண்டு மேப்பிள் பலகைகள் வாங்கினேன். ஒன்று வெறும் வெண்மை. மற்றொன்றில் குறுக்கே பட்டை பட்டையாகப் புலித்தோல் போல வரிகள் ஓடுகின்றன. முதலாவதை இழைப்புளி வெண்ணெயைப் போலச் சீவுகிறது. இரண்டாவதில் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து பள்ளம் விழுகிறது. பலகையைத் திருப்பி வைத்து மறுமுனையிலிருந்து இழைத்தால் வேறு இடங்களில் பெயர்கிறது. வரி ஓடும் மரம் என்பது நோய்ப்பட்ட மரம், அதற்கு அழகு என்று பெயர் சூட்டி நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் முடிவு. சாதாரணப் பலகையிலேயே சாயம் தீட்டி இந்த வரியை வரவழைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவரும் சொல்கிறார். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 4, இரவு

பாதியை மறுக்கிறேன். அந்தப் பலகைக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கும் இழைப்புளியின் கீழ் பெயர்வதற்கும் காரணம் ஒன்றே என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கித் தா என்று மரத்திடம் கேட்க முடியாது.

சாதாரண மேப்பிளில் நார்கள் அடிமரத்திலிருந்து உச்சியை நோக்கி ஏறக்குறைய நேராகச் செல்கின்றன. அலைவரி மேப்பிளில் அதே நார்கள் நெளிந்து நெளிந்து ஏறுகின்றன. நெளிந்து ஏறும் நார்களை ரம்பம் நேர்கோட்டில் அறுக்கும்போது, ஓரிடத்தில் நார் பலகையின் முகத்தோடு படுத்துக் கிடக்கிறது, சற்றுத் தள்ளி அதே நார் எழுந்து முகத்தில் வெட்டுவாய், அதாவது அறுபட்ட முனை, காட்டி நிற்கிறது. படுத்த நார் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெட்டுவாய் காட்டும் நார் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் இப்படித்தான் உண்டாகின்றன. அந்த இடத்தில் தனி நிறம் எதுவும் கிடையாது.

இழைப்புளிக்கும் இதே கதைதான். நார் ஏறும் திசையில் செல்லும்போது அது சுருள் சுருளாகச் சீவுகிறது. அடுத்த விரற்கடையில் நாரோட்டம் எதிர்முகமாகத் திரும்பிவிடுகிறது. அலகு நாரின் அடியில் நுழைந்து நெம்ப, வெட்டுப்படுவதற்கு முன்பே நார் பிளந்து எழும்புகிறது. அலைக்கு அலை திசை மாறுவதால், பலகையைத் திருப்பி வைத்து இழைப்பது பெயரும் இடத்தை மாற்றுமே தவிரப் பெயர்வதை நிறுத்தாது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். படுத்த நார், எழுந்த நார் என்று இரண்டாக மட்டும் பிரித்தது போதாது. ஏறும் சரிவு, இறங்கும் சரிவு என்பதுதான் முதன்மையானது. கைவிளக்கு ஒன்றைப் பலகையின் ஒரு முனையில் தாழ்வாகப் பிடித்து வரிகளைப் பாருங்கள், பிறகு விளக்கை மறுமுனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒளிர்ந்த பட்டைகள் இருளும், இருண்டவை ஒளிரும். ஒவ்வொரு சரிவும் தன்னை நோக்கி வரும் ஒளிக்கு ஒருவிதமாகவும் முதுகுப்புறமாக வரும் ஒளிக்கு வேறுவிதமாகவும் பதில் சொல்கிறது. வரி உண்மையானதா, தீட்டியதா என்று பார்க்கவும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 7

எந்த மேப்பிள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஏனெனில் நான் பொதுவாக "மேப்பிள்" என்று எழுதிக்கொண்டு போவது பொறுப்பற்ற செயல்.

மேப்பிள்கள் அடங்கிய ஏசர் என்ற பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தச்சுப்பட்டறைக்கு வருபவை சிலவே. வட அமெரிக்காவில் கடின மேப்பிள் என்று விற்கப்படுவது சர்க்கரை மேப்பிள், அதாவது ஏசர் சாக்கரம். கறுப்பு மேப்பிளும் அதனோடு கலந்து வரும். மென் மேப்பிள் என்ற பெயரில் சிவப்பு மேப்பிள், வெள்ளி மேப்பிள், பசிபிக் கரையோரத்துப் பேரிலை மேப்பிள் ஆகியவை வருகின்றன. ஐரோப்பாவில் வயலின் செய்பவர்கள் நாடுவது ஏசர் சூடோபிளாட்டனஸ். கடினத்தை அளக்கும் ஜங்கா சோதனையில் 0.444 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி ஆழத்துக்கு மரத்தில் அமிழ்த்தத் தேவைப்படும் விசையைக் கணக்கிடுகிறார்கள்: சர்க்கரை மேப்பிள் 1,450 பவுண்டு, சிவப்பு 950, பேரிலை 850, வெள்ளி 700. மென் மேப்பிள் என்ற பெயரைக் கேட்டு அது பஞ்சு போலிருக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்டி, மேசைக்கால், இழுப்பறை எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். உங்கள் இரு பலகைகளும் ஒரே அடுக்கில் கிடந்தன என்பதால் அவை ஒரே இனம் என்று ஆகிவிடாது.

இப்போது வரிகளுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் குறுக்குப் பட்டை சுருள் அல்லது புலிவரி எனப்படுவது. அது நெருக்கமாகவும் சீராகவும் ஓடினால் வயலின் முதுகுவரி என்று அழைக்கிறார்கள். அதில் நார்கள் வளையத்தின் போக்கிலேயே இடமும் வலமுமாக நெளிகின்றன. ஆகவே ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஆரவாக்கில் அறுத்தால்தான் ரம்பம் ஒவ்வொரு அலையையும் ஊடறுத்து வரியை முழுமையாக வெளிக்கொணர்கிறது. அதே கட்டையைத் தட்டைவெட்டாக, அதாவது வளையங்கள் முகத்தோடு படுத்திருக்கும்படி, அறுத்தால் பட்டைகள் மங்கி, நார் பாம்பு போல நெளிவது மட்டும் கோடாகத் தெரியும். ஒரு துண்டை ஆரவாக்கில் கோடரியால் பிளந்து பாருங்கள். பிளந்த முகம் தகரக் கூரை போல மேடும் பள்ளமுமாக இருக்கும்.

மெத்தைவரி இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் பேரிலை மேப்பிளில் வரும் இதில் முகம் முழுவதும் குமிழ் குமிழாகப் புடைத்தாற்போலத் தோன்றும், தொட்டால் தட்டையாக இருக்கும். அது தட்டைவெட்டில் மட்டுமே பொலிகிறது. ஆரவாக்கில் அறுத்தவர் அதைத் தொலைத்தார்.

பறவைக்கண் மூன்றாவது வகை. சர்க்கரை மேப்பிளில் அதிகம். ஆண்டு வளையங்கள் ஆங்காங்கே மையத்தை நோக்கிச் சிறு கூம்பாகக் குழிவதால், தட்டைவெட்டிலோ கட்டையைச் சுழற்றி மெல்லிய தகடாக உரித்த வெனீரிலோ அவை கண்களாகத் தெரிகின்றன. முண்டுவரி பற்றியும் பூஞ்சை படர்ந்து கருங்கோடு விழுந்த மேப்பிள் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. பின்னது உண்மையிலேயே அழுகத் தொடங்கிய மரம், உங்கள் "நோய்" வாதம் அதற்கு மட்டும் பொருந்தும்.

பிப்ரவரி 8

பறவை கொத்தியதால்தான் பறவைக்கண் உண்டாகிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு நம்பிக்கை நெடுநாளாக உண்டு. பூஞ்சை, குளிர், நெருக்கடியான வளர்ச்சி, வெளிவராத மொட்டுகள் என்று வேறு பல விளக்கங்களும் சொல்லப்பட்டன, எதுவும் நிறுவப்படவில்லை. ஒரு பலகையில் நூறு கண்கள் இருப்பதைப் பார்த்தால், அந்தப் பறவைக்கு வேறு வேலையே இல்லை என்றுதான் முடிவு கட்ட வேண்டும்.

பிப்ரவரி 11

இழைப்பது பற்றி விரிவாக எழுதும்படி கேட்டார்கள். என் அனுபவத்தை வரிசையில்லாமல் சொல்கிறேன்.

முதன்முதலில் அலைவரிப் பலகை ஒன்றை இயந்திர இழைப்பில் கொடுத்தபோது, ஒரே ஓட்டத்தில் 2 மில்லிமீட்டர் எடுக்கும்படி வைத்திருந்தேன். பலகை மறுபக்கம் வந்தபோது ஒவ்வொரு இருண்ட பட்டையிலும் நகம் பதித்தாற்போல ஒரு குழி இருந்தது. சில குழிகள் 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமானவை. அவற்றை நீக்கும்வரை சீவினால் நான் நினைத்த தடிப்பு கிடைக்காது என்பது தெரிந்ததும், மேசைப்பலகையாக வேண்டியது பெட்டியின் அடிப்பலகையாக ஆயிற்று. இப்போது இயந்திரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நேரான கத்திகளுக்குப் பதிலாகச் சிறு கார்பைடு துண்டுகள் திருகுச்சுழலாகப் பதிக்கப்பட்ட உருளை இருந்தால் பெயர்வது வெகுவாகக் குறையும். அப்போதும் கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கைக்கோ தேய்ப்பு உருளைக்கோ விட்டுவைப்பது நல்லது. இழைக்கும் முன் ஈரத்துணியால் முகத்தை ஒருமுறை துடைத்தால் நார் மெத்தென்று ஆகிப் பெயர்வது குறைகிறது என்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

கை இழைப்புளியில் அலகு நிற்கும் சாய்வே தலையாயது. வழக்கமான இழைப்புளியில் அலகு 45 பாகைச் சாய்வில் மரத்தைச் சந்திக்கிறது. சாய்வு கூடக் கூட அலகு நெம்புவது குறைந்து சுரண்டுவது கூடுகிறது. 55 முதல் 60 பாகை வரை உயர்த்தினால் எதிர்நாரும் பணிகிறது. அலகின் கூர்ச்சரிவு மேல்நோக்கி இருக்கும் வகை இழைப்புளி உங்களிடம் இருந்தால் இது எளிது: அலகு அமரும் படுகை 12 பாகை, அலகைத் தீட்டும் சரிவு 48 பாகை, கூட்டினால் 60. தள்ளுவது கடினமாக இருக்கும், அலகும் விரைவில் மழுங்கும். வேறு வழியில்லை.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குச் சுரண்டுதகடு இருக்கிறது. நல்ல எஃகுத் தகட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்றை ஏற்றிவிட்டால், அதற்கு நாரோட்டம் எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை. கட்டைவிரல் சுடும், சுடவில்லை என்றால் நீங்கள் வேலை செய்யவில்லை, தூசி கிளப்புகிறீர்கள்.

பிப்ரவரி 12

"வேறு வழியில்லை" என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அலகின் முதுகில் பூட்டியிருக்கும் மேல்தகட்டைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் அலகின் முனையையும் மேல்தகட்டையும் பெரிதாக்கிப் படமெடுத்து, மேல்தகடு முனையிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தால் நார் பெயராமல் நிற்கிறது என்று காட்டியிருந்தார்கள். அந்தப் படத்தை நான் முன்பே பார்த்தவன், பார்த்துவிட்டு மறந்தவன்.

இன்று காலை பழைய 45 பாகை இழைப்புளியையே எடுத்து, மேல்தகட்டை முனைக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருக்கி வைத்தேன். அளப்பதற்குக் கருவி கிடையாது. முனையில் மயிரிழை அளவு ஒளிக்கோடு தெரியும்வரை தள்ளிப் பூட்டியதுதான். சீவல் சுருளாமல் நேராக விறைத்து மேலே எழுந்தது. எதிர்நாரில் பெயர்வு இல்லை. மேல்தகடு சீவலை உடனே மடக்கி அழுத்துவதால், அலகுக்கு முன்னால் பிளவு ஓடுவதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இன்னும் நெருக்கினால் இழைப்புளி திணறி, சீவல் துருத்தி போல மடிந்து அடைத்துக்கொள்கிறது.

அதாவது, கேள்வி கேட்டவர் புதிய இழைப்புளி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக உயர்சாய்வு அலகுகளைத் தேடி வாங்கிச் சேர்த்தவன் இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது.

பிப்ரவரி 19

சாயத்தால் வரியை வரவழைக்கலாம் என்று சொன்ன நண்பருக்கு.

சாயம் இருக்கும் வரியை உரக்கப் பேச வைக்கும், இல்லாத வரியை உண்டாக்காது. நீரில் கரையும் அனிலின் சாயத்தை அலைவரிப் பலகையில் பூசினால், வெட்டுவாய் காட்டும் நார்கள் அதை ஆழமாக உறிஞ்சுகின்றன, படுத்த நார்கள் மேலோட்டமாகவே ஏற்கின்றன. நான் செய்வது இது: முதலில் கரும்பழுப்புச் சாயத்தைப் பாதி நீர்த்துப் பூசி உலர விடுகிறேன், பிறகு 220 எண் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து எடுக்கிறேன். ஆழத்தில் இறங்கியது தங்கிவிடுகிறது, மேலே இருந்தது போய்விடுகிறது. அதன்மேல் தேன்நிறச் சாயம், அதன்மேல் அரக்குப் பூச்சு. நிறமித் துகள் கலந்த வண்ணப்பூச்சு இதற்கு ஆகாது; அது நாருக்குள் இறங்காமல் முகத்தில் திட்டுத் திட்டாகப் படிந்து, ஒளியின் அசைவையே மூடிவிடுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா நீள்துப்பாக்கிகளின் கட்டைகள் 18ஆம் நூற்றாண்டில் அலைவரி மேப்பிளில் செய்யப்பட்டன. அவற்றுக்கு நிறமேற்ற நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து, அந்த நீரை மரத்தில் தடவிச் சூடு காட்டினார்கள்; செம்பழுப்பு நிறம் கண்ணெதிரே எழும். எழுந்த பிறகு காரம் தடவி அமிலத்தை அடக்காவிட்டால் நிறம் தொடர்ந்து கறுத்துக்கொண்டே போகும். ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

உங்கள் நண்பர் சொல்லும் தந்திரமும் பழையதுதான். வெற்று மேப்பிள் கட்டையில் கோடு கோடாகச் சாயம் தீட்டியோ சுட்டோ புலிவரி காட்டிய துப்பாக்கிகள் இருந்திருக்கின்றன. வரியின் புகைப்படத்தையே அச்சிட்டு ஒட்டிய கிதார்களும் பின்னாளில் விற்பனைக்கு வந்தன. தொலைவிலிருந்து பார்த்தால் ஏமாறலாம். விளக்கை நகர்த்தினால் அச்சிட்ட வரி அப்படியே நிற்கும், அசையாது. பிப்ரவரி 5 குறிப்பு இதற்காகத்தான்.

பிப்ரவரி 20

ஒன்றை விட்டுவிட்டேன். சாயம் பூசுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை ஒருமுறை தேய்த்து அடக்கிவிடுங்கள். இல்லையென்றால் சாயத்தின் நீரே நாரை எழுப்பி, முகம் மறுநாள் சொரசொரப்பாகிவிடும். 400, 600 என்று மிக நுண்ணிய தாளால் பளபளப்பாக்கிய பலகை சாயத்தை ஏற்க மறுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படிப் பளபளப்பாக்கிப் பெருமைப்பட்ட பலகை, சாயம் பூசிய பின் வெளுத்த தேநீரில் நனைந்தது போல இருந்தது.

எண்ணெய் பற்றியும் கேள்வி வந்தது. ஆளிவிதை எண்ணெய் வரிக்கு ஆழம் தரும், நாள்பட மரத்தை மஞ்சளாக்கும். வெண்மை வேண்டுமென்றால் நீர்வழி வார்னிஷ். ஆனால் அதில் வரி கொஞ்சம் உயிரற்றுத் தெரிகிறது. மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்து அதன்மேல் நீர்வழி வார்னிஷ் பூசுவதே எனக்குப் பிடித்த சமரசம்.

மார்ச் 5

இன்று ஒரு தோல்வியை எழுதுகிறேன்.

நகைப்பெட்டி ஒன்றின் மூடிக்காக, தடித்த அலைவரிக் கட்டையை நடுவே அறுத்து, இரு பாதிகளையும் புத்தகத்தைத் திறப்பது போல விரித்து ஒட்டினேன். நடுக்கோட்டுக்கு இருபுறமும் வரிகள் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றையொன்று சந்தித்தன. ஒட்டும்போது தலைக்கு மேல் விளக்கு, எல்லாம் அருமை. பூச்சு முடிந்து சன்னலோரம் வைத்தபோது இடப்பாதி பொன் போல ஒளிர, வலப்பாதி வேறு மரத்திலிருந்து வந்தது போல இருண்டு கிடந்தது. வரிகள் பொருந்தின, ஒளி பொருந்தவில்லை. திருப்பி வைத்தால் இடம் இருண்டு வலம் ஒளிர்ந்தது.

காரணம் மிக எளிது, ஆனால் அறுப்பதற்கு முன் அது எனக்குத் தோன்றவில்லை. அறுபடும் இடத்தில் ஒரு நார் இடப்பாதியின் முகத்திலிருந்து மேல்நோக்கி வெளியே வருகிறது என்றால், அதே நாரின் தொடர்ச்சி வலப்பாதியில் மேல்நோக்கி உள்ளே இறங்குகிறது. விரித்து வைத்ததும் அக்கம்பக்கமாக இருக்கும் இரு இடங்களில் சரிவு எதிரெதிராகிவிடுகிறது. ஒருபக்க ஒளியில் ஒரு பாதி ஒளிர்ந்தால் மற்றது இருண்டே தீரும். அந்த மூடியை இழைக்கும்போதும் ஒரு பாதி பணிந்து மற்றது முரண்டு பிடித்ததை நினைத்துக்கொள்கிறேன். மரம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது.

மார்ச் 6

நேற்று "தோல்வி" என்று எழுதியது மிகை என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். வயலின்களின் இருதுண்டு முதுகும் இப்படியே விரித்து ஒட்டப்படுகிறது, அங்கும் இரு பாதிகளின் ஒளி மாறி மாறி வரும், யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை என்கிறார்கள். உண்மைதான். கையில் ஏந்தித் திருப்பும் பொருளில் அது உயிரோட்டம். ஒரே இடத்தில் ஒரே சன்னலைப் பார்த்து இருக்கும் பெட்டிமூடியில் அது உறுத்துகிறது. பெட்டிக்கென்றால் இனி விரிக்காமல், ஒரு துண்டை அப்படியே பக்கத்தில் நகர்த்தி வைத்து ஒட்டுவேன். சமச்சீர் போகும், ஒளி ஒன்றாக இருக்கும். ஒரே அகலப் பலகை கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 18

எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்குப் பட்டியல் போடுவதைவிட, எங்கே அது தன் வேலையைச் செய்கிறது, எங்கே இடைஞ்சல் செய்கிறது என்று பார்ப்பது மேல்.

இத்தாலியின் கிரெமோனாவில் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியும் அவர் சமகாலத்தவரும் வயலினின் மேற்பலகைக்கு ஊசியிலை மரமான ஸ்புரூசையும், முதுகு, விலா (பக்கச்சுவர்), கழுத்துக்கு மேப்பிளையும் கொண்டார்கள். முதுகு தடித்த கட்டையிலிருந்து செதுக்கப்படுவது. அலைவரி அங்கே வேலையைக் கடினமாக்கும், தடுக்காது. விலாதான் சோதனை. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையைச் சூடான இரும்பில் வளைக்க வேண்டும். அந்தத் தடிப்பில் அலைவரி நார் ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியேறிவிடுகிறது; முழு நீளத்துக்கும் ஓடும் நாரே கிடையாது. எனவே வளையாமல், வரிக்கு வரி மூலை மூலையாக ஒடிகிறது. முதல் ஆறு விலாவுக்கு நான் பதினொரு பட்டைகளைச் செலவழித்தேன். பிறகுதான் வெளிமுகத்தில் மெல்லிய உலோகப் பட்டையைத் தாங்கலாகப் பிடிப்பதும், பட்டையை ஊறவைக்காமல் லேசாக மட்டும் நனைப்பதும், இரும்பு நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருப்பதும் கைவந்தன. பொறுமை கடைசியாக வந்தது.

மின்கிதாரில் இதற்கு நேர்மாறு. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டில் மஹாகனி உடலின்மேல் விரித்து ஒட்டிய மேப்பிள் பலகை இருக்கிறது. அதற்கு முன் பொன்வண்ணத்தால் மூடப்பட்டிருந்த அதே மேப்பிள், ஒளிபுகும் சாயம் வந்ததும் வரியோடு வெளியே தெரிந்தது. அந்தச் சாயத்தின் சிவப்பு ஒளிபட்டு வெளுத்து, ஒவ்வொரு கிதாரும் தன் நிறத்துக்குத் தானே போய்ச் சேர்ந்தது. இன்று அந்த வெளுப்புக்கும் சேர்த்தே மதிப்பு. அங்கே மேப்பிளுக்குக் கீழே மஹாகனி தாங்கி நிற்பதால், நார் குறுக்கே ஓடுவது வலுவைப் பாதிப்பதில்லை.

கழுத்துக்கு அலைவரி வேண்டுமா என்று கேட்டால் தயங்குவேன். நேர்நார் மேப்பிள் அதைவிட உறுதியானது, முறுக்குவதும் குறைவு. வேண்டியே தீரும் என்றால், ஆரவெட்டுப் பட்டைகளை நாரோட்டம் எதிரெதிராக வரும்படி மூன்றோ ஐந்தோ அடுக்கி ஒட்டிச் செய்யலாம். நாற்காலிக் கால், நீண்ட மெல்லிய சட்டம் ஆகியவற்றுக்கும் இதே தயக்கம் பொருந்தும்.

பறவைக்கண்ணுக்கு வெனீரே நல்ல வடிவம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் செய்த இழுப்பறைப் பெட்டிகளில், மஹாகனிக்கு நடுவே வெளிர் பறவைக்கண் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள், அடங்கிய கம்பீரம். பில்லியர்ட்ஸ் கோல்களின் பிடிப்பகுதியிலும் பறவைக்கண்ணைக் காணலாம். கடைசலில் மட்டும் ஒவ்வொரு கண்ணும் பெயர்ந்து குழியாகப் பார்க்கும். உளியை நிமிடத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும்.

வெட்டுப்பலகை செய்ய அலைவரி மேப்பிளை அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறுவதில்லை. நார்முனை மேலே வரும்படி துண்டுகளை நிறுத்தி ஒட்டும் வெட்டுப்பலகையில் வரி அறவே மறைந்துவிடும். அதற்கு வெற்றுக் கடின மேப்பிள் போதும், அதுவே சிறந்தது. திறந்தவெளி மேசைக்கும் எந்த மேப்பிளும் வேண்டாம். மழையில் விரைவில் அழுகும்.

மார்ச் 19

ஈரத்துக்கு ஏற்ப மரம் விரிந்து சுருங்கும் இயக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேசைப்பலகை பற்றிப் பேசிவிட்டேன். பச்சை மரம் முற்றிலும் காயும்போது சர்க்கரை மேப்பிள் ஆரத்திசையில் 4.8 விழுக்காடும் வளையத்திசையில் 9.9 விழுக்காடும் சுருங்கும்; பேரிலை மேப்பிளுக்கு இவை 3.7, 7.1. நடைமுறையில், 300 மில்லிமீட்டர் அகலத் தட்டைவெட்டுச் சர்க்கரை மேப்பிள் பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் மாறும், ஆரவெட்டில் அதில் பாதி. சட்டத்துக்குள் பலகையை அடைக்கும்போது இந்த இடைவெளியை விட மறந்தவர்களின் சட்டங்கள் மூலை விரிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று என்னுடையது.

ஏப்ரல் 2

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? ரம்பம் பட்ட கரடுமுரடான முகத்தில் வரி எளிதில் தெரியாது. வரியின் போக்கில் மயிர் சிலிர்த்தாற்போல நார் எழும்பிய பட்டைகள் இருக்கும். கையால் தடவினால் அகப்படும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் சில நொடிகளுக்கு வரி மின்னி மறையும். ஒரு முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரு முகங்களிலும் விளிம்புகளிலும் வரி தொடர்ந்தால்தான் அது ஆழம் வரை போகிறது. கிளை பிரியும் கவட்டைக்கும் வேரடிக்கும் அருகில் அழுத்தத்தால் உண்டான வரி ஒரு சாண் தள்ளியதும் காணாமல் போய்விடும்.

எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். நின்றுகொண்டிருக்கும் பேரிலை மேப்பிளின் உள்ளே வரி இருக்கிறதா என்று பார்க்கத் திருடர்கள் பட்டையைச் செதுக்கிப் பார்ப்பதுண்டு. வரி இல்லையென்றால் காயத்தோடு விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். 2018 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியக் காட்டில் சுமார் 3,300 ஏக்கர் எரிந்தது. திருட்டுத்தனமாக மேப்பிள் வெட்டச் சென்றவர்கள் மரத்திலிருந்த குளவிக்கூட்டை எரிக்க முயன்றதே காரணம் என்று அரசுத் தரப்பு கூறியது. 2021இல் நடந்த விசாரணையில், விற்கப்பட்ட மரத்தின் மரபணுவும் காட்டில் எஞ்சிய அடிமரங்களின் மரபணுவும் பொருந்தியது சான்றாக வைக்கப்பட்டது. மரத்திருட்டுக்குத் தண்டனையும் கிடைத்தது. பிளந்த கட்டையை ஆவணம் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 3

வெண்மை பற்றி ஒரு வரி. பிற மரங்களில் நடுவே இருக்கும் வைரத்தைத் தேடுகிறோம். மேப்பிளில் வெளிப்புறத்து வெள்ளை மரமே விரும்பப்படுகிறது, வைரம் பழுப்பு என்று ஒதுக்கப்படுகிறது. வெப்பமான காலத்தில் வெட்டிய கட்டையை உடனே அறுத்துக் காயவைக்காவிட்டால், அந்த வெள்ளை சாம்பல் நிறமாகும். அடுக்கும்போது இடையில் வைக்கும் குச்சிகளின் தடமும் பலகைக்குள் நிழலாகத் தங்கிவிடும். எத்தனை சீவினாலும் போகாது. சாயம் பூசினால் நன்றாகவே தெரியும்.

செப்டம்பர் 23

அந்த நகைப்பெட்டியின் மூடியை இன்று தற்செயலாகத் தடவினேன். நான் கண்ணாடி போல மட்டமாக்கிய முகத்தில், உள்ளங்கைக்கு மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லிய மேடு பள்ளம் ஓடுகிறது, வரிக்கு ஒன்றாக. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் பூச்சின் மேலேயே அது தெரிகிறது. கடந்த மாதங்களின் ஈரத்தில் மூடி உப்பியிருக்கிறது; நார் எழுந்து நிற்கும் இடமும் படுத்திருக்கும் இடமும் ஒரே அளவில் உப்புவதில்லை. பழைய வயலின்களின் விலாக்களில் இப்படி அலை எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், தேய்மானம் என்று எண்ணியிருந்தேன்.

சுரண்டுதகட்டைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது மேட்டைச் சுரண்டினால், ஈரம் இறங்கியபின் அந்த இடம் பள்ளமாகும். வறண்ட மாதம் வரட்டும், மறுபடி தடவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.